சொந்தமாகச் சிறிய விமானம் வாங்கினால் உண்மையில் எவ்வளவு செலவாகும்? முழு விளக்கம்

புது தில்லி: அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பழைய நான்கு இருக்கை விமானங்களின் விலையைப் பார்க்கும் எவருக்கும் முதலில் வியப்பே ஏற்படும். 1970-களில் தயாரான செஸ்னா 172 ரக விமானம் ஒன்று, இந்தியப் பெருநகரங்களில் ஓடும் சொகுசுக் கார் ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் பயிற்சி பெற்ற வசதியானவர்கள் பலரும் 'இவ்வளவுதானா?' என்று கேட்கும் இடம் இதுதான்.

ஆனால் வாங்கும் விலை, செலவுக் கணக்கின் முதல் வரி மட்டுமே. விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆகும் தொகை மற்றொன்று. இன்று ஒரு ரூபாய்கூடக் கேட்காமல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரே நாளில் வந்து நிற்கும் தொகை மூன்றாவது. உரிமையாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். அந்தத் தவறு வங்கிக் கணக்கோடு நிற்பதில்லை. பணம் போதாத நிலையில் தள்ளிப்போடப்படும் பராமரிப்பு, விமானத்தில் அமர்ந்திருப்போரின் உயிரோடு தொடர்புடையது.

இந்தக் கணக்கை விளக்க செஸ்னா 172 விமானமே பொருத்தமான எடுத்துக்காட்டு. 1955-இல் முதன்முதலாகப் பறந்து, 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த ரகத்தில் இதுவரை 44,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாரிக்கப்பட்டுள்ளன. உலகில் இதைவிட அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமான ரகம் வேறில்லை. இந்தியாவின் விமானப் பயிற்சி மையங்கள் பலவற்றிலும் மாணவர்கள் முதலில் ஏறி அமர்வது இதில்தான். ஒற்றை என்ஜின், நான்கு இருக்கைகள், மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகம் என்பவை இதன் அடிப்படை விவரங்கள்.

கீழே வரும் வரி விகிதங்களும் தொழில்நுட்ப வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை. ரூபாய்த் தொகைகள் மட்டும் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை; அவற்றைச் சந்தை விலையாகக் கொள்ளக் கூடாது. வாங்க நினைப்பவர் தமக்குக் கிடைக்கும் தொகைகளை அந்த இடங்களில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

இறக்குமதியில் தொடங்கும் கணக்கு

வெளிநாட்டில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு விமானம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொந்தப் பயன்பாட்டுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் 40 சதவீத ஜிஎஸ்டி செலுத்த வேண்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வரி மாற்றத்தில், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சொகுசுப் படகுகளோடு சேர்த்து இந்த உச்ச விகிதத்தில் வைக்கப்பட்டன. அதற்கு முன்பு 28 சதவீத வரியும் 3 சதவீத இழப்பீட்டு மேல்வரியும் இருந்தன. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அல்லாத விமானங்களுக்கான விகிதம் 5 சதவீதம் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துத் தயாரான இரண்டு விமானங்கள், யாருடைய பயன்பாட்டுக்கு வருகின்றன என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறான விலையில் இந்திய மண்ணில் இறங்குகின்றன.

80 லட்சத்துக்கு 40 சதவீதம் என்றால் 32 லட்சம். அடிப்படைச் சுங்க வரி, இறக்கைகளைக் கழற்றிக் கப்பல் கொள்கலனில் ஏற்றி அனுப்பும் செலவு, இங்கே மீண்டும் பொருத்திச் சோதித்துப் பார்க்கும் செலவு ஆகியவற்றுக்கு மொத்தமாக 8 லட்சம் என்று கொண்டால், விமானத்தின் அடக்க விலை 1 கோடியே 20 லட்சம் ரூபாய். பழைய விமானங்களை இறக்குமதி செய்வதில் வயது தொடர்பான கட்டுப்பாடுகளும் இருப்பதால், அமெரிக்க விலைப் பட்டியலில் மிக மலிவாகத் தெரியும் விமானம் இங்கு வர இயலாமலும் போகலாம்.

இதன் பிறகு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் (டிஜிசிஏ) பதிவு செய்து, இந்திய விமானங்களுக்கு உரிய 'விடி' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் பதிவெண்ணைப் பெற வேண்டும். பறப்பதற்கான தகுதிச் சான்றிதழும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தகுதி ஆய்வுச் சான்றிதழும் அவசியம். உள்நாட்டிலேயே பதிவான பழைய விமானத்தை ஒரு பயிற்சி மையத்திடமிருந்து வாங்கினால் இறக்குமதிச் சுமை குறையும். ஆனால் மாணவர்களின் கையில் நாளொன்றுக்குப் பலமுறை தரையிறங்கிய விமானம் அது என்பதையும் மறந்துவிடலாகாது.

பறக்காவிட்டாலும் ஆகும் செலவு

விமானத்தை வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. விமான நிலையத்திலோ விமானத் தளத்திலோ வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். திறந்த வெளியில் கயிற்றால் கட்டி நிறுத்துவது மலிவு. கூரையுள்ள ஹேங்கரில் நிறுத்துவது அதிகச் செலவு. ஆனால் வெயிலும் பருவமழையும் அலுமினியத்தின் மீதும் வண்ணப்பூச்சின் மீதும் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்தால், ஹேங்கர் வாடகையைச் சேமிப்பது உண்மையில் சேமிப்பாக இருப்பதில்லை. மும்பை ஜூஹு போன்று கடற்காற்று வீசும் இடங்களில் அரிப்பு இன்னும் விரைவாகப் பரவும்.

நிறுத்துமிடத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் என்று கொள்வோம். விமானத்துக்கும் மூன்றாம் நபர் இழப்புக்குமான காப்பீட்டுக்கு, விமான மதிப்பில் 2 சதவீதம் என்ற அளவில் 2 லட்சத்து 40 ஆயிரம். ஆண்டுப் பரிசோதனை, சான்றிதழ் புதுப்பித்தல், பராமரிப்புப் பதிவேடுகளைக் கவனிக்கும் நிறுவனத்துக்கான கட்டணம் ஆகியவற்றுக்கு 4 லட்சம். உரிமையாளரின் மருத்துவப் பரிசோதனை, உரிமத்தைத் தக்கவைப்பதற்கான பயிற்சிப் பறத்தல், வரைபடங்கள் ஆகியவற்றுக்கு 60 ஆயிரம். மொத்தம் 10 லட்சம் ரூபாய். ஒருமுறைகூட என்ஜினை இயக்காவிட்டாலும் இந்தத் தொகை செலவாகிவிடும்.

இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்காத ஒன்று, முடங்கிக் கிடக்கும் முதலீடு. 1 கோடியே 20 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கி வைப்புநிதியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வந்திருக்கும். கடன் வாங்கி விமானம் வாங்கியவர் இந்த வட்டியைக் கண்ணால் பார்க்கிறார். சொந்தப் பணத்தில் வாங்கியவர் பார்ப்பதில்லை என்பதே வேறுபாடு. அதையும் சேர்த்தால் நிலையான ஆண்டுச் செலவு 18 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

மணிக்கணக்கில் ஆகும் செலவு

இந்த விமானம் மணிக்குச் சுமார் 35 லிட்டர் எரிபொருள் குடிக்கும். பெரிய விமானங்களுக்கான ஏடிஎஃப் எரிபொருள் இதற்குப் பயன்படாது. ஏவ்காஸ் 100 எல்எல் எனப்படும், ஈயம் கலந்த சிறப்பு வகைப் பெட்ரோலே தேவை. நெடுங்காலமாக முழுவதும் இறக்குமதியாகி வந்த இந்த எரிபொருளை, வதோதராவில் உள்ள குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஆயினும் எல்லா விமான நிலையங்களிலும் இது கிடைப்பதில்லை. போகும் ஊரில் ஏவ்காஸ் இல்லையெனில், திரும்பி வருவதற்கும் சேர்த்து எரிபொருள் ஏற்றிச் செல்ல வேண்டும். அந்த எடைக்கு ஈடாக ஒரு பயணியையோ பெட்டிகளையோ இறக்கிவிட வேண்டியிருக்கும். டயமண்ட் டிஏ 40 போன்ற ரகங்களில் ஏடிஎஃப் எரிபொருளில் இயங்கும் என்ஜின்கள் இருப்பதும், இந்தியப் பயிற்சி மையங்கள் சில அவற்றை விரும்புவதும் இதன் தொடர்ச்சியே.

லிட்டருக்கு 200 ரூபாய் என்று கொண்டால் எரிபொருளுக்கு மணிக்கு 7,000 ரூபாய். என்ஜின் ஆயிலுக்கு 300. நூறு மணி நேரப் பரிசோதனை, டயர், பிரேக், பேட்டரி, தரையிறங்கும் கட்டணம் போன்றவற்றுக்கு 1,700. ஆக, கண்ணுக்குத் தெரியும் செலவு மணிக்கு 9,000 ரூபாய். கண்ணுக்குத் தெரியாதது இதற்குப் பிறகுதான் வருகிறது.

என்ஜின் என்னும் கடன்

செஸ்னா 172 விமானத்தில் பொருத்தப்படும் லைகமிங் என்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு, அந்நிறுவனம் வகுத்துள்ள ஓவர்ஹால் வரம்பு 2,000 மணி நேரம். அதை எட்டியதும் என்ஜினை முழுவதுமாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் பூட்டிச் சோதிக்க வேண்டும். இதற்கு 40 லட்சம் ரூபாய் ஆகும் என்று கொள்வோம். 40 லட்சத்தை 2,000-ஆல் வகுத்தால் மணிக்கு 2,000 ரூபாய். ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை. அதையும் சேர்த்தால் மணிக்கு 11,000 ரூபாய் ஆகிறது.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கு பெரும்பாலான தனிநபர் உரிமையாளர்களுக்குப் பொருந்தாது. லைகமிங் வகுத்துள்ள வரம்பில் இரண்டாம் பகுதி ஒன்று உண்டு: 2,000 மணி நேரத்தை எட்டாவிட்டாலும் 12 ஆண்டுகள் ஆனதும் ஓவர்ஹால் செய்ய வேண்டும். ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கும் ஒருவர் 12 ஆண்டுகளில் 600 மணி நேரம் மட்டுமே பறந்திருப்பார். மணிக்கு 2,000 வீதம் தவறாமல் சேமித்திருந்தாலும் அவர் கையில் இருப்பது 12 லட்சம். தேவைப்படுவதோ 40 லட்சம். மீதி 28 லட்சம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பன்னிரண்டாம் ஆண்டில்தான் எழும். அவரைப் பொறுத்தவரை என்ஜினுக்கான உண்மையான செலவு மணிக்கு 2,000 அல்ல, 6,667 ரூபாய்.

அமெரிக்காவில் தனிப்பட்ட பயன்பாட்டு விமானங்களுக்கு இந்த வரம்பு பரிந்துரை மட்டுமே. என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் உரிமையாளர் தொடர்ந்து பறக்கலாம். இந்தியாவில் அந்த விமானத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட பராமரிப்புத் திட்டம் என்ன சொல்கிறதோ அதன்படியே நடக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அந்த ஆவணத்தை ஒருமுறை படித்துவிடுவது, பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள வேலை.

பறக்காத என்ஜினுக்கு ஏன் கால வரம்பு? காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. இவ்வகை என்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், என்ஜினின் மேற்பகுதியில் அமைந்துள்ளது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் அதன் மீது படிந்திருந்த ஆயில் கீழே வடிந்துவிடுகிறது. ஈரக் காற்று பட்டுத் துரு ஏறுகிறது. அடுத்த முறை என்ஜினை இயக்கும்போது அந்தத் துருவே உலோகத்தை அராவுகிறது. நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது இதற்குத் தீர்வல்ல. ஆயில் போதிய அளவு சூடேறாமல், உள்ளே ஈரம் கூடுவதற்கே அது வழிசெய்யும். மாதத்துக்கு ஒருமுறையாவது உண்மையில் பறக்க வேண்டும். பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் பறக்க இயலாத இந்தியப் பகுதிகளில் இந்த நிபந்தனை எளிதானதல்ல.

எத்தனை மணி நேரம் பறந்தால் எவ்வளவு?

எல்லாவற்றையும் கூட்டினால் கிடைக்கும் விடை இது. ஆண்டுக்கு 50 மணி நேரம் பறப்பவருக்கு ஒரு மணி நேரச் செலவு சுமார் 52,500 ரூபாய். 100 மணி நேரம் பறந்தால் சுமார் 30,700 ரூபாய். 200 மணி நேரம் பறந்தால், பத்தாம் ஆண்டிலேயே என்ஜின் 2,000 மணி நேரத்தை எட்டிவிடுவதால் கால வரம்பு குறுக்கிடாது. செலவு 20,200 ரூபாயாகக் குறைகிறது. விமானமும் எரிபொருள் விலையும் ஒன்றே. மாறுவது பறக்கும் நேரம் மட்டும்தான்.

இதே ரக விமானத்தைப் பயிற்சி மையம் ஒன்றில் மணிக்கு 25,000 ரூபாய் கட்டணத்தில் எடுக்க முடிந்தால், ஆண்டுக்குச் சுமார் 136 மணி நேரத்துக்கு மேல் பறப்பவருக்கே சொந்த விமானம் லாபமாக இருக்கும். மழைக்காலத்தையும் சேர்த்து, வாரத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் அதிகம். வேறு தொழில் செய்துகொண்டு ஓய்வு நேரத்தில் பறக்கும் ஒருவரால் இதை எட்டுவது கடினம். பகலில்தான் பறக்க முடியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது: சூரியன் மறைந்த 20 நிமிடம் முதல் உதயத்துக்கு 20 நிமிடம் முன்புவரை, கண்பார்வை விதிகளின்படி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பறக்க இந்தியாவில் அனுமதியில்லை. பயணத் திட்டம் தாக்கல் செய்வதும் விமானப் படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண் பெறுவதும் தனி.

சொந்த விமானத்தை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. தனியார் பயன்பாட்டுக்கெனப் பதிவான விமானத்தில் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்குச் சட்டம் இடமளிக்காது. அதற்கு, அட்டவணையில்லா விமானச் சேவைக்கான தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியுடன் வரும் கூடுதல் நிபந்தனைகளின் செலவு, இதுவரை போட்ட கணக்கையே மாற்றிவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது இதைவிட நடைமுறைக்கு உகந்தது. நிலையான செலவு பங்காகப் பிரிவதோடு, விமானமும் நிற்காமல் பறந்துகொண்டிருக்கும். யாருக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதையும், ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் வாங்குவது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளாத கூட்டு மட்டும் நிலைப்பதில்லை.

சிறிய பாகம், பெரிய பொறுப்பு

பாகங்களின் விலை ஏன் இவ்வளவு அதிகம் என்பது அடுத்த கேள்வி. தோற்றத்தில் கார் பாகத்தைப் போலவே இருக்கும் ஆல்டர்னேட்டர்கூட, எந்தத் தொழிற்சாலையில் எந்த அனுமதியின்கீழ் தயாரானது என்பதற்கான சான்றுப் படிவத்துடன் வந்தால்தான் விமானத்தில் பொருத்தலாம். பொருத்தியதை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையொப்பமிட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை விமானம் தரையிலேயே நிற்கும். வாடகையும் காப்பீடும் வட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் மற்றொரு செலவு, வழக்கு. விபத்து இழப்பீட்டு வழக்குகளின் சுமை தாங்காமல் 1986-இல் செஸ்னா நிறுவனம் இந்த விமானத்தின் தயாரிப்பையே நிறுத்தியது. 18 ஆண்டுகளைக் கடந்த சிறிய விமானங்களுக்காகத் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடர்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994-இல் அமெரிக்காவில் நிறைவேறிய பிறகே, 1996-இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இன்று புதிய செஸ்னா 172 ஒன்றின் விலை 4 லட்சம் டாலருக்கும் அதிகம்.

பரிசோதனைகள் வெறும் சடங்கல்ல என்பதற்கு இதே விமானத்தின் இருக்கை ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டுநரின் இருக்கை, தரையில் உள்ள தண்டவாளம் போன்ற பாதையில் முன்னும் பின்னும் நகரும். அதை ஓரிடத்தில் நிறுத்தும் துளைகள் தேய்ந்துவிட்டால், விமானம் மேலெழும்பும் வேளையில் இருக்கை சட்டென்று பின்னோக்கி வழுக்கும். ஓட்டுநர் தம்மை அறியாமல் கைப்பிடியைப் பற்றி இழுக்க, விமானத்தின் மூக்கு செங்குத்தாக உயரும். செஸ்னா விமானங்களில் இத்தகைய விபத்துகளில் உயிர்கள் பறிபோயுள்ளன. இந்தப் பாதையை 100 மணி நேரத்துக்கு அல்லது 12 மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2011-இல் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. அளப்பதற்கு ஆகும் நேரமும் பணமும் மிகக் குறைவு. நிலையான செலவில் திணறும் உரிமையாளர் முதலில் தள்ளிப்போட நினைப்பதும் இத்தகைய சிறு வேலைகளையே.

எனவே பழைய விமானத்தை வாங்கும்போது, விற்பவருடன் தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரைக் கொண்டு சோதிப்பது வழக்கம். சிலிண்டர்களின் அழுத்தம், இறக்கையின் உட்புற அரிப்பு, இதுவரை வெளியான கட்டாய உத்தரவுகள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டுள்ளனவா என்பவை பார்க்கப்படும். பதிவேடுகளில் இடையே சில ஆண்டுகள் காணாமல் போயிருந்தால், வண்ணம் எவ்வளவு பளபளத்தாலும் விலை சரியும். இருக்கும் பதிவேடுகளிலும் கவனிக்க வேண்டியது, கடைசி ஓவர்ஹாலுக்குப் பின் பறந்த மணி நேரம் மட்டுமல்ல. அது செய்யப்பட்ட தேதியும்தான். '300 மணி நேரம் மட்டுமே பறந்த என்ஜின்' என்ற விளம்பரம், பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஓவர்ஹால் செய்யப்பட்ட என்ஜினாக இருந்தால், அடுத்த ஆண்டே 40 லட்சம் கேட்கும் விமானத்தைக் குறிக்கிறது.

விற்கும் நாளிலும் இதே கணக்கு திரும்பி வருகிறது. வரம்பை நெருங்கிய என்ஜினுடன் உள்ள விமானத்துக்கு வாங்குபவர் ஓவர்ஹால் தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். பன்னிரண்டு ஆண்டுகளாக அதற்கென ஒரு ரூபாய்கூட ஒதுக்காத உரிமையாளர், அந்தத் தொகை முழுவதையும் விற்பனை விலையில் இழக்கிறார்.